தந்தையார் எழுதாத நூல்

ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எவரும் படிப்பதில்லை என்பர். எழுதுகின்ற மாணவன் அதனை இறுதி நாளின் பின்னிரவில் அரைத்தூக்கத்தில் தொகுக்கிறான். திருத்துகின்ற ஆசிரியரோ காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் இடுகிறார். துணைநூற் பட்டியல் என்னும் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை. விழா மலருக்கு ஏற்ற பொருளா இது என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் கல்லூரிக்குச் செல்லும் மக்கள் இருக்கின்றனர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் இளநிலைப் படிப்பு நான்காண்டுகளாக நீளும் வழி திறந்து, நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதும் வாய்ப்பும் வந்துவிட்டது. முன்பெல்லாம் முனைவர் பட்டத்துக்கு உழைப்போர் மட்டுமே கவலைப்பட்ட பட்டியல், இன்று இருபது வயதுப் பிள்ளைகளின் மேசைக்கு வந்திருக்கிறது. அந்தப் பட்டியலிலேதான் தமிழர் பெயர் நாள்தோறும் வெட்டுண்டு கிடக்கிறது.

நிகழ்வது இதுதான். கண்ணன் என்பவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தந்தையார் முருகேசன். தமிழில் அவர் மு. கண்ணன். ஆங்கிலத்தில் எழுதும்பொழுது, கடவுச்சீட்டில் உள்ளவாறே, கண்ணன் முருகேசன் ஆகிறார். கல்லூரி மாணவி ஒருத்தி அந்நூலைப் பயன்படுத்துகிறாள். பட்டியலில் குடும்பப் பெயர் முன்னும், மற்றப் பெயரின் முதலெழுத்துப் பின்னும் வரவேண்டும் என்பது கல்லூரியின் ஆணை. நம் வீட்டுப் பிள்ளையாகையால் அவள் ‘கண்ணன், மு.’ என்று எழுதுகிறாள். ஆசிரியர் சிவப்பு மையால் அதனை அடித்து ‘முருகேசன், க.’ என்று திருத்துகிறார். ஒரு மதிப்பெண்ணும் குறைக்கிறார். தலைநகரக் கல்லூரி ஒன்றில் இவ்வாறு திருத்தப்பட்ட தாள் ஒன்றை நானே கண்டிருக்கிறேன். பெயர்கள் வேறு, வெட்டு ஒன்றே. எழுத்தறிவே இல்லாத ஒரு வேளாண் பெருமகனாகக்கூட அந்த முருகேசன் இருந்திருக்கலாம். அவர் எழுதாத நூலுக்கு அவரை ஆசிரியராக்கி, எழுதிய மகனை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி மூலையில் நிறுத்துவதுதான் ஆய்வு ஒழுக்கமாம்!

இதனைச் சிறுமை என்று தள்ளுவோர்க்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். பட்டியல் எதற்காக இருக்கிறது? வழித்தடம் காட்டுவதற்காக. ஒருவர் சொன்ன செய்தி எங்கிருந்து வந்தது என்று மற்றொருவர் தேடிச் சென்று அடைவதற்காக. பெயர் தவறினால் அந்த வழி அடைபடுகிறது. இன்றைய மாணவர்க்குப் பட்டியல் ஓர் அச்சமாகவே அறிமுகமாகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறை வகுத்து, பத்து விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் குற்றம் என்று படிநிலை அமைத்தபின், ஒப்புமை கண்டுபிடிக்கும் கணினி நிரலுக்கு அஞ்சியே பிள்ளைகள் நூற்பெயர்களை அடுக்குகின்றனர். காவலுக்காகப் போடும் வேலிபோல் அது ஆகிவிட்டது.

நம் முன்னோர்க்கு அது வேலியன்று. தொல்காப்பியர் காலந்தொட்டே ‘என்ப’ என்று பிறர் கூற்றைப் பிறர் கூற்றாகவே சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், தாம் எந்தெந்த இசை நூல்களையும் நாடக நூல்களையும் கொண்டு பொருள் கூறுகிறார் என்பதை வெளிப்படச் சொல்லிவிடுகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் என்று அவர் பெயர் குறித்த காரணத்தாலன்றோ அத்தகைய நூல்கள் இருந்தன என்பதையே பிற்காலம் அறிந்தது! புறத்திரட்டைத் தொகுத்தவர் பாடல்களை எடுத்த நூல்களின் பெயர்களையும் காட்டிச் சென்றார். முழுநூல் மறைந்துபோன முத்தொள்ளாயிரத்தின் செய்யுட்கள் இன்று நம் கையில் இருப்பது அந்தத் தொகுப்பாசிரியரின் நேர்மையால்.

இதற்கு மாறான வழக்கமும் உரையாசிரியர்களிடம் இருந்தது; மறைப்பதற்கில்லை. நச்சினார்க்கினியர் சீவகசிந்தாமணி உரையில் மேற்கோள்களை வாரி வழங்குகிறார். ஆனால் பல இடங்களில் ‘என்றார் பிறரும்’ என்பதோடு நின்றுவிடுகிறார். எந்தப் பிறர்? எந்த நூலில்? 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அந்த இரண்டு சொற்களுக்காகப் பட்ட பாடு கொஞ்சமன்று. ஏட்டுச் சுவடிகளைப் புரட்டிப் புரட்டி, இந்த அடி இந்த நூலில் உள்ளது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடலே அவரைச் சங்க நூல்களின் ஆழத்துக்கு இட்டுச் சென்றது என்பது வேறு செய்தி. தாம் பட்ட துன்பம் பின்வருவோர் படலாகாது என்று கருதியே, தம் பதிப்புகளில் மேற்கோள் அகராதியும், சுவடி உதவியவர்களின் பெயரும் ஊரும் அடங்கிய குறிப்பும் அவர் சேர்த்தார். யார் வீட்டுப் பரணிலிருந்து எந்த ஏடு வந்தது என்பதுவரை அங்கே இருக்கிறது. அமெரிக்க உளவியற் கழகத்தார் தம் நடைக் குறிப்பை முதன்முதலில் ஏழு பக்கக் கட்டுரையாக வெளியிட்டது 1929-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இந்தக் கடமை உணரப்பட்டிருந்தது.

ஆகவே பட்டியல் வேண்டுமா என்பதன்று வழக்கு. பட்டியலில் யார் பெயர் என்பதே வழக்கு.

தமிழர் பெயரமைப்பு எளிது. ஊர்ப்பெயர், தந்தை பெயர் ஆகியவற்றின் தலைப்பெழுத்துகள் முன்னே. தமக்கென இடப்பட்ட பெயர் பின்னே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த சீ. இரா. அரங்கநாதனையே எடுத்துக்கொள்வோம். சீ என்பது சீர்காழி. அக்கால வழக்கில் சீயாழி. இரா என்பது தந்தையார் இராமாமிருதம். அரங்கநாதன் என்பதே அவர் பெயர். பட்டியலில் ‘அரங்கநாதன், சீ. இரா.’ என்று எழுதினால் பெயர் சிதைவதில்லை. ஏ. கே. இராமானுசனுக்கும் அப்படியே: ஊர், தந்தை, பிறகு தாம். பெயர் பின்னே நின்ற காரணத்தால், மேலைநாட்டார் கடைசிச் சொல்லை முன்னுக்கு இழுத்தபொழுது தற்செயலாக நம் இயற்பெயரே முன்னுக்கு வந்தது. ஒரு தலைமுறைக்கு அந்த நற்பேறு நம்மைக் காத்தது.

பிறகு நாம் வடக்கே வந்தோம், மேற்கே சென்றோம். பள்ளி விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் இருந்தது. மும்பையில் அந்தக் கட்டமே முதலாவது. குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயர் என்பது மராத்தியர் வழக்கு. அவர்கட்கு அது இயல்பு. நமக்கோ அதில் நிரப்ப ஒன்றுமில்லை. எழுத்தர் அவசரப்படுத்தினார், தந்தை பெயரை எழுதிவிட்டோம். சிலர் ஊர்ப்பெயரை எழுதினர். முன்னே நின்ற தலைப்பெழுத்து விரிந்து பின்னுக்குச் சென்று குடும்பப் பெயராகிவிட்டது. அக்காள் ஒரு பள்ளியில் தந்தை பெயரையும், தம்பி வேறொரு பள்ளியில் பாட்டனார் ஊரையும் குடும்பப் பெயராகப் பெற்ற வீடுகள் நம்முள் இல்லையா? இந்தப் பிள்ளைகள் வளர்ந்து நூல் எழுதும்பொழுதுதான் முன் சொன்ன முருகேசர்கள் ஆசிரியராகிறார்கள்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. கடைசிச் சொல்லைப் பிடித்து முன்னே வை என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பழைய நூல்களுக்குப் பொருத்திப் பாருங்கள். 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, 1891-இல் மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை, புறத்திரட்டை அச்சேற்றிய வையாபுரிப் பிள்ளை ஆகிய நால்வரும் பட்டியலில் ‘பிள்ளை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வரிசையில் நிற்பர். உறவினரோ என்று வடநாட்டு மாணவன் எண்ணுவான். உ. வே. சா. ‘ஐயர்’ என்ற தலைப்பில் எங்கோ கிடப்பார். சிலப்பதிகாரம் செய்தவர் ‘அடிகள், இ.’ ஆவார்! அறிவின் பட்டியல் சாதிப் பட்டியலாக அகரவரிசைப்படுத்தப்படுகிறது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் மனமுவந்து அவற்றைத் துறந்தன. தமிழர் பெயரின் கடைசியில் குடும்பப் பெயர் இல்லாதிருப்பது ஏதோ குறைபாடன்று. பலர் தெரிந்தே கொண்ட நிலை. துறந்ததைத் திரும்பக் கொண்டுவா, இல்லையேல் தந்தையைக் கொண்டுவா என்று ஒரு காற்புள்ளி நம்மை அதட்டுவதா?

‘உலகத்தின் விதி அப்படி; நாம் என்ன செய்வது?’ என்று கைவிரிப்போர் நம்மிடையே மிகுதி. அவர்கள் உலகத்தின் விதியைப் படித்ததில்லை. 1961-ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிசு நகரில் நூற்பட்டி நெறிகள் குறித்த பன்னாட்டு மாநாடு கூடியது. பல சொற்களாலான பெயரில் எந்தச் சொல்லைத் தலைப்பாக்குவது என்பதற்கு அங்கே கண்ட முடிவு தெளிவானது: ஆசிரியர் எந்நாட்டுக் குடிமகனோ அந்நாட்டு வழக்கப்படி, அது இயலாதவிடத்து அவர் பெரும்பாலும் பயன்படுத்தும் மொழியின் வழக்கப்படி. 1978-இல் வெளிவந்த ஆங்கில-அமெரிக்க நூற்பட்டி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு இன்னும் ஒரு படி சென்றது. கன்னடம், மலையாளம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிப் பெயர்களுக்கென்றே அதில் தனி விதி உண்டு. குடும்பப் பெயர் இல்லாவிடில், அல்லது குடும்பப் பெயராக அவரே வழங்கிய ஒன்று இல்லாவிடில், இயற்பெயரின்கீழ் பதிக என்பது அவ்விதி. முன்னே ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் வரலாம், பின்னே சாதிப்பெயர் வரலாம் என்ற விளக்கமும் சேர்ந்தே இருக்கிறது. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கனடியரும் கூடி நம் பெயரை இவ்வளவு புரிந்துகொண்டனர். தமிழகத்திலிருந்து இரயிலில் இரண்டு நாளில் வந்தடையும் நகரத்து ஆசிரியர்க்கு அது புரியவில்லை. புரியவைக்க நாமும் முயலவில்லை.

ஐஸ்லாந்து நாட்டாரைப் பாருங்கள். மக்கள் தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம். நம் நாட்டுச் சிறு நகரம் ஒன்றுக்கு இணை. அவர்கள் பெயரிலும் பின்னே வருவது பெரும்பாலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்னும் தந்தை பெயரே. தொலைபேசி விவரத் திரட்டிலிருந்து நூலகப் பட்டி வரை அவர்கள் தம் நாட்டில் இயற்பெயரின் வரிசையிலேயே அடுக்கினர். சீனர் பெயரில் குடும்பப் பெயர் இயல்பாகவே முன்னே நிற்பதால் சிகாகோ நடைக் கையேட்டைப் பின்பற்றுவோர் அங்கே காற்புள்ளியே இடுவதில்லை. விதி வளையாத இரும்புக் கம்பி அன்று என்பதற்கு இவை போதும். கேட்டவர்க்கு வளைந்தது.

‘எல்லாரும் ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு போய்விட்டால் தொல்லை தீருமே’ என்பார் சிலர். வைத்துக்கொள்ள விரும்புவோர் வைத்துக்கொள்க. ஒருவர் எப்படித் தம்மை வழங்குகிறாரோ அப்படியே பதிவதுதான் முறை. வேங்கடராமன் என்ற தம் பெயரை இரண்டாக்கிச் சி. வி. இராமன் என்று உலகுக்கு அறிமுகமானவரை நாம் திருத்தப் போவதில்லை. பிள்ளை என்பதையே குடும்பப் பெயராகக் கொண்டு எழுதுவோரையும் அவ்வாறே பதியலாம். ஆனால் இறந்துபோன ஆசிரியரிடம் யார் இசைவு கேட்பது? அப்துல் கலாம் என்பது ஒரே பெயர்; அதன் நடுவே கத்தி வைத்து, அப்துல் என்ற பாதியை ஓர் எழுத்தாக்கித் தந்தையார் முதலியோரின் எழுத்துகளோடு வால்போல் ஒட்டும் உரிமையை எவர் கொடுத்தார்?

பெண்மக்கள் நிலை தனியே சொல்லத் தக்கது. தந்தையின் தலைப்பெழுத்தோடு முனைவர் பட்ட ஆய்வை முடிக்கிறாள். மணமானபின் கணவன் பெயர் வந்து சேர்கிறது. பட்டியல்களில் அவள் இருவராகிறாள். இருபது ஆண்டு உழைப்பு இரண்டு கூறாகப் பிரிந்து, பதவி உயர்வுக்கு எண்ணும்பொழுது பாதிதான் கணக்கில் வருகிறது. 2012 முதல் ஆர்சிட் என்ற பெயரில் ஆய்வாளர்க்குப் பதினாறு இலக்க அடையாள எண் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. ஆய்வில் இறங்கும் நம் பெண்கள் முதற்கட்டுரைக்கு முன்பே அதனைப் பெற்றுவிடுவது நலம்.

கல்லூரி ஆசிரியரை மட்டும் குறை கூறி முடித்தால் அது நேர்மையாகாது. நம் பதிப்பாளர்கள் செய்யும் குளறுபடி சிறிதா? மேலட்டையில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர். முதற்பதிப்பின் ஆண்டை விட்டுவிட்டு, அண்மைப் பதிப்பின் ஆண்டை மட்டும் அச்சிடுவோர் பலர். மொழிபெயர்த்தவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. திருவள்ளுவர் ஆண்டை அச்சிடுவது மகிழத் தக்கதே; ஆனால் அதனோடு பொது ஆண்டையும் சேர்த்து அச்சிடலாகாதா? 2004-இல் வந்த நூலில் 2035 என்று மட்டும் கண்ட வடநாட்டு நூலகர், இன்னும் எழுதப்படாத நூல் இது என்று நகைத்தால் யார் மேல் பிழை? பழைய நூல்களின் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. அவற்றைக் கணக்கிடவும் ஆள் வேண்டும்.

ஆங்கில எழுத்தில் பெயர்த்தெழுதுவதும் அப்படித்தான். அழகிரிசாமி என்ற பெயரின் ழகரத்தை ஒருவர் ‘எல்’ என்று எழுதுகிறார். ஒருவர் ‘இசட்-எச்’ என்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையைப் பின்பற்றுவோர் ‘எல்’லின் அடியில் கோடிடுகின்றனர். ஒரே கு. அழகிரிசாமி பட்டியலில் இரண்டு மூன்று இடங்களில் தலைகாட்டுகிறார். இதற்கு மருந்து கடினமன்று. தமிழ் நூலுக்குத் தமிழ் எழுத்திலேயே ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் எழுதி, அருகே ஆங்கில எழுத்து வடிவத்தைத் தருக. இன்றைய கணினியில் தமிழ் எழுத்து அச்சாகாது என்று சொல்ல எவர்க்கும் வாயில்லை.

பிள்ளைகள் இப்பொழுது பட்டியலைக் கையால் எழுதுவதில்லை. சோட்டெரோ போன்ற கணினி நிரலிடம் விட்டுவிடுகின்றனர். நிரலுக்குத் தமிழ் வழக்குத் தெரியாது. அது பெயரை இரண்டு கட்டமாகப் பிரித்து முன்பின்னாக மாற்றும். ஆனால் அதிலேயே ஆசிரியர் பெயரின் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும். அதில் எழுதிய பெயர் எழுதியவாறே நிற்கும். ‘இளங்கோவடிகள்’ என்று அதில் எழுதினால் இளங்கோவடிகளாகவே பட்டியலுக்கு வருவார். கண்ணனுக்கு இரண்டு கட்டமே போதும். குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் ‘கண்ணன்’ என்றும், மற்றதில் ‘மு.’ என்றும் இட்டுவிட வேண்டும். ஆங்கில முகப்பில் எது இயற்பெயர், எது தந்தை பெயர் என்று பிள்ளைக்கு ஐயம் வந்தால், அதைச் சொல்லவேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம். தமிழ்ப் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் அதைப் பிரித்தறியும் திறம் நம் தலைமுறைக்கு உண்டு; பிள்ளைகளுக்கு அது தானாக வாராது.

இதன் பின்னும் ஆசிரியர் சிவப்பு மையை எடுத்தால், அவரோடு வாதிட வேண்டியதில்லை. 1978 நெறிமுறையின் இருபத்திரண்டாம் இயல் ஆட்பெயர்கள் பற்றியது. நூலகவியல் தெரிந்த எந்தக் கல்லூரி நூலகரும் அதனை அறிவார். அவரிடம் கேட்டு, அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கட்டுரையோடு இணைத்துத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள்.